மலைக் குளிரில் கட்டி வெயிலுக்கு அனுப்பும் செடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் ஸ்வெட்டர் அணிந்துகொண்டு ஒரு செடியைப் பெட்டியில் வைத்துக் கட்டுகிறோம். மூன்றாம் நாள் திருநெல்வேலியில் ஒருவர் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து வியர்வையைத் துடைத்தபடி அதைப் பிரிக்கிறார். இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பெட்டி, தகரக் கூரை வேய்ந்த கிடங்கிலும் வெயிலில் நிற்கும் வண்டியிலும் கிடந்திருக்கும். மலையிலிருந்து அனுப்பும் செடிகள் வழியில் அழிவது பெரும்பாலும், அவை போய்ச் சேரும் ஊரை மறந்து, கட்டும் ஊரின் குளிரை மனத்தில் கொண்டு கட்டுவதால்தான். இது புதிய சிக்கலும் அன்று. 1860-இல் தென் அமெரிக்காவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட, மலேரியா மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனாச் செடிகள் செங்கடலின் வெப்பத்தில் நலிந்துபோய், உதகைக்கு வந்து சேர்ந்த பிறகும் பிழைக்கவில்லை. மறு ஆண்டு வந்தவைதாம் இங்கு வேர் பிடித்தன.

தவறுகளில் தலையாயது, வழியில் தாகம் எடுக்குமே என்று புறப்படும் நாளில் தொட்டி நிறைய நீர் ஊற்றுவது. ஒரு மே மாதத்தில் நானும் அப்படித்தான் பன்னிரண்டு ஜெரேனியம் செடிகளுக்கு நீர் விட்டு, ஒவ்வொன்றையும் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் முடிந்து அனுப்பினேன். பெற்றவர் அனுப்பிய படத்தில் அவை கடைந்த கீரையைப் போல இருந்தன. முதலில் கூரியர்காரரைத்தான் குறை சொன்னேன். பையின் உட்புறம் முத்து முத்தாக நின்ற நீரைப் பார்த்த பிறகே தவறு என்னுடையது என்பது விளங்கியது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அடைபட்டால் இலை வேகும். தண்டில் சாம்பல் நிறப் பூஞ்சை ஏறும். வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்கும். ஆகவே அனுப்புவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்னதாகவே நீர் விட்டு, மண் கையில் ஒட்டாத பதத்திற்கு வந்த பிறகு கட்ட வேண்டும். பாலித்தீன் வேண்டுமானால் வேர்ப்பகுதியை மட்டும் சுற்றினால் போதும். இலைகளுக்குச் செய்தித்தாளே ஏற்றது. ஆடி மாதத்து மூடுபனியில் இலைகள் நீர் விடாமலேயே நனைந்திருக்கும் என்பதால், ஓர் இரவு வீட்டுக்குள் வைத்து உலர்த்திக்கொள்வது நல்லது.

அடுத்தது, பெட்டிக்குள் செடியை நிறுத்தும் முறை. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போடுவதில் தவறில்லை. ஆனால் அதை நம்பிக் கட்டக் கூடாது. எத்தனையோ கை மாறும் பெட்டி, எப்படியும் ஒரு முறையாவது கவிழும். செய்தித்தாளை நான்காக மடித்து, ஓரத்திலிருந்து நடுவரை கீறி, தண்டைச் சுற்றி மண்ணின் மேல் அழுத்தி அமர்த்தி, தொட்டியின் வாயைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடாவால் கட்ட வேண்டும். பிறகு தொட்டியைப் பெட்டியின் அடியோடு சேர்த்துப் பிணைத்து, சுற்றிலும் கசக்கிய காகிதத்தைத் திணிக்க வேண்டும். பெட்டியை ஒட்டியதும் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் உருளும் ஓசை கேட்டால், தயங்காமல் பிரித்து மறுபடியும் கட்டுங்கள். பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவுக்குச் சில துளைகள் இருக்கட்டும்.

சதைப்பற்றுள்ள செடிகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. மண்ணை உதறி, ஓரிரு நாள் நிழலில் காயவைத்து, மெல்லிய காகிதத்தில் சுற்றினால் ஒரு வாரம்கூடத் தாங்கும். இலைமேல் படிந்த வெண்பூச்சில் விரல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்பினால் நேரும் தவறு ஒன்றும் உண்டு. செடியோடு நான்கு பிளம்ஸ், இரண்டு பேரிக்காய் என்று அதே பெட்டியில் வைத்துவிடுகிறோம். பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் வாயு வெளிப்படும். அடைபட்ட பெட்டியில் அது இலையை மஞ்சளாக்கும், மொட்டையும் பூவையும் உதிர்க்கும். பழத்துக்குத் தனிப் பெட்டி போடுங்கள்.

தோட்டத்து மண்ணை அப்படியே அனுப்புவதைப் பலரும் ஒரு குற்றமாகவே நினைப்பதில்லை. உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது; அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும் என்பதாலேயே இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுசெல்வதற்குத் தடை வந்தது. கிழங்கோடு போகும் புழு செடியின் மண்ணோடும் போகும். ஆகவே அனுப்புவதற்கென்று வளர்க்கும் செடிகளைத் தொடக்கத்திலேயே தென்னை நார்க்கழிவில் வளர்ப்பது நல்லது. எடை குறைவதால் அஞ்சல் கட்டணமும் குறையும். வேரைப் பொதிய வேண்டும் என்பதற்காகச் சோலைக்காட்டு மரங்களில் பாசியை உரித்து வருவதும், கிளையில் ஒட்டிய ஆர்க்கிட்டைப் பெயர்த்து அனுப்புவதும் கூடவே கூடாது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றம்.

நாள் பார்த்து அனுப்புவது இங்கு மூடநம்பிக்கை அன்று. வெள்ளிக்கிழமை மாலை ஒப்படைத்த பெட்டி ஞாயிறு முழுவதும் கிடங்கில் அடைபட்டுக் கிடக்கும். திங்களோ செவ்வாயோ அனுப்பினால் அந்த வாரத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு என்று கேள்விப்பட்டால், பெட்டியை வீட்டிலேயே நிறுத்தி வையுங்கள். சித்திரை வெயிலில், குளிரை விரும்பும் பூச்செடியான ஃபூஷியாவைச் சமவெளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுவது வழக்கம். வழியில் பிழைத்தாலும் அது அங்கே வாழாது.

பெறுபவருக்கு ஒன்றும் சொல்லாமல் விடுவது கடைசித் தவறு. மூன்று நாள் இருட்டில் இருந்த செடியை எடுத்த எடுப்பில் மொட்டைமாடி வெயிலில் வைப்பார்கள், அன்றே தொட்டி மாற்றுவார்கள், உரமும் இடுவார்கள். வந்த உடனே பிரிக்கவும், மண்ணைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடவும், ஒரு வாரம் நிழலில் வைக்கவும், புது இலை விடும்வரை உரம் இட வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி மேல்மடிப்பின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அதே தாளில் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் எழுதிவிட்டால், வெளியில் ஒட்டியது மழையில் கரைந்துபோனாலும் பெட்டி வழி தவறாது.