ஏபிஎஸ் உள்ள காரிலும் இல்லாத காரிலும் அவசரப் பிரேக் பிடிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறல் விழும் நாளில், வாரக்கணக்கில் தார்ச்சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து, கடலூர்–புதுச்சேரி சாலை வழுக்கத் தொடங்கிவிடும். ஆல்பேட்டையைத் தாண்டித் தென்பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போதோ, அரியாங்குப்பத்துக் கடைத்தெரு நெரிசலிலோ குறுக்கே ஓர் இருசக்கர வாகனம் புகுந்தால் பிரேக்கை எப்படி மிதிக்க வேண்டும் என்பது, நீங்கள் ஓட்டும் காரில் ஏபிஎஸ் (ABS), அதாவது பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதி, இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஏனெனில் ஒன்றில் சரியாக இருக்கும் பழக்கம் மற்றொன்றில் தவறாகிவிடுகிறது.

ஆகவே முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் ஏபிஎஸ் என்ற எழுத்துகளுடன் மஞ்சள் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைந்தால், அந்த வசதி இருக்கிறது, வேலையும் செய்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் பல மாடல்களில் விலை கூடிய வகைக்கு மட்டுமே கொடுத்தார்கள் என்பதால், பழைய கார் வாங்குபவர் மாடலின் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது.

சாதாரண பிரேக்கில், காலின் அழுத்தம் பிரேக் ஆயில் வழியாக நேராகச் சக்கரங்களுக்குப் போகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பை அந்த அழுத்தம் மிஞ்சினால், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் சுழல்வதை நிறுத்திக்கொண்டு இழுபடும். சுழலாத சக்கரத்தால் காரைத் திருப்ப முடியாது. முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேராகவே வழுக்கும், பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் சுழன்றுவிடும். 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸ் காரில் கொண்டுவந்த மின்னணு ஏபிஎஸ் இதைத்தான் தடுக்கிறது. சக்கரங்களின் வேகத்தை உணரிகள் அளந்துகொண்டே இருக்கின்றன. ஏதாவது ஒன்று திடீரென வேகமிழந்து பூட்டிக்கொள்ளப் போனால், வால்வு ஒன்று அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து, மறுபடியும் கூட்டுகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடப்பதால், காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிரும்.

அந்த அதிர்வைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடுவதுதான் ஏபிஎஸ் காரில் பலர் செய்யும் பெரிய தவறு. பெடலை முழு வலுவோடு ஒரே மிதியாக மிதித்து, வண்டி நிற்கும்வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கியர் வண்டியானால் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள். மிதித்தபடியே, தடையை விட்டு விலகக் காலியான பக்கம் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், ஆனால் வெட்டி ஒடிக்க வேண்டாம். அப்படித் திருப்ப முடிவதுதான் இந்தக் கருவியின் உண்மையான பயன்.

ஏபிஎஸ் இல்லாத காரில், சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்புவரை மட்டும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். டயர் கிறீச்சிட்டு, ஸ்டியரிங்குக்கு வண்டி கட்டுப்படவில்லை என்று தெரிந்த உடனே காலைச் சற்றுத் தளர்த்தி, சக்கரம் சுழலத் தொடங்கியதும் மறுபடி மிதிக்க வேண்டும். அம்பாசிடர் ஓட்டிய மூத்த ஓட்டுநர்கள் விட்டு விட்டு மிதிப்பது இந்தப் பாடத்தால்தான். அதே கைவந்த பழக்கத்தை அவர்கள் ஏபிஎஸ் காரில் காட்டினால், ஒவ்வொரு முறை கால் தளரும்போதும் சில அடி தூரம் வீணாகும்.

ஏபிஎஸ் இருப்பதாலேயே வண்டி மிகக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் கழியும் தூரத்தை எந்தக் கருவியும் மிச்சப்படுத்தாது. தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டி ஆழமான மணலில் ஓட்டினால் நிலைமை தலைகீழாகும்: பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏபிஎஸ் சக்கரமோ அந்த மணல்மேல் உருண்டு போய்க் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்ளும். சாலையில் காய வைத்த உளுந்தின்மீதும் மொட்டை டயரிலும் இரண்டு வகையுமே வழுக்கத்தான் செய்யும்.

நம் கடலோர உப்புக்காற்றில் உணரிகளுக்கு அருகிலுள்ள பாகங்கள் துருப்பிடிக்கலாம். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஓடும்போது ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும். மேலே சொன்ன பழைய முறையில் காலைப் பயன்படுத்தி, மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். அதோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால், ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் அணையவில்லையென்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.