கம்போடியக் கிராமங்களின் சுவர்க்கோழிப் பொறி: கட்டுவது எப்படி?

கம்போடியாவின் கொம்போங் தோம் பக்கம் மழைக்கால இரவுகளில் வயல் நடுவே ஊதாக் குழல்விளக்குகள் எரியும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கடியில் தண்ணீர். பறந்து வரும் சுவர்க்கோழி தாளில் மோதி, கால் பிடிக்க இடமில்லாமல் வழுக்கித் தண்ணீரில் விழும். அவ்வளவுதான் பொறி.

தேவை: 3 மீட்டர் மூங்கில் 2, குறுக்குக் கழி 1, வழவழப்பான பிளாஸ்டிக் தாள் (உயரம் 2.2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர்), தொட்டிக்கு இன்னொரு தாள், 12 வோல்ட் கார் பேட்டரி, அதில் நேரடியாக எரியும் ஊதா விளக்கு. மஞ்சள் குண்டு பல்பு வேண்டாம். பூச்சிகளை இழுப்பது புற ஊதாக் கதிர்தான், அது மஞ்சள் ஒளியில் மிகக் குறைவு.

வெட்டவெளியில், வேறு விளக்கு தெரியாத இடமாகப் பாருங்கள். பூச்சிமருந்து அடித்த வயல் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிடிப்பது சாப்பிடத்தானே.

மூங்கில்களை 1.3 மீட்டர் இடைவெளியில், அரை மீட்டர் ஆழத்தில் நடுங்கள். உச்சியில் குறுக்குக் கழியைக் கட்டித் தாளைத் தொங்கவிடுங்கள். பக்க ஓரங்களை மூங்கிலில் சுற்றி இழுத்துக் கட்ட வேண்டும். பொறி சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். தாள் தொய்ந்தால் சுருக்கம் விழும். சுருக்கத்தில் கால் ஊன்றிப் பூச்சி மேலே ஏறிப் பறந்துவிடும். காற்றில் படபடக்கும் தாளும் உதவாது.

தாளுக்கு அடியில், இருபுறமும் 40 சென்டிமீட்டர் நீளுமாறு பலகைச் சட்டம் வைத்து, மேலே இரண்டாவது தாளை விரித்தால் தொட்டி தயார். தண்ணீர் 15 சென்டிமீட்டர் நிற்கட்டும். குறைந்தால் தரையில் கால் ஊன்றித் தாவிவிடும். சோப்பு கலக்காதீர்கள்.

விளக்கைக் குறுக்குக் கழியில் கட்டி, பொழுது சாய்ந்ததும் எரியவிடுங்கள். தண்ணீருக்கு மேல் 220 வோல்ட் கம்பி இழுப்பது உயிருக்கு ஆபத்து. விளக்கை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் நிறைய விழும். பௌர்ணமி நிலவில் விளக்கு எடுபடாது.

விடிந்ததும் சல்லடையால் அள்ளிவிடுங்கள். வெயில் ஏறினால் அழுகிவிடும். இறக்கையையும் குடலையும் நீக்கி, கழுவி, நீர் வடித்து, பூண்டு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மொறுமொறுவென்று பொரிப்பார்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம், இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.