மவுண்டன் கிளைம்பர்: ஈர மணலில் தொடங்குவோருக்கான செய்முறை

கைகளைத் தரையில் ஊன்றியபடி, முழங்கால்களை மாறி மாறி நெஞ்சை நோக்கி இழுத்து ஓடுவதே மவுண்டன் கிளைம்பர் எனப்படும் பயிற்சி. எச்.ஐ.ஐ.ரி. என்று சொல்லப்படும் உயர் தீவிர இடைவெளிப் பயிற்சிக்கு இது மிகவும் ஏற்றது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். வேகமான பயிற்சி என்பதால் முதல் நாளே வேகத்தைப் பிடிக்கத் தோன்றும். வேகம் கடைசியாக வரவேண்டியது என்பதை அழுத்திச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், மணிக்கட்டு அல்லது முதுகு உபாதை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் பயில்வது உப்புவெளிக் கடற்கரையில், வெயில் ஏறுமுன், அலை வந்து திரும்பிய இறுகிய ஈர மணலில். உலர்ந்த மணலில் கை புதைந்து மணிக்கட்டு மடங்கும். மாரி காலத்தில் வீட்டு விறாந்தையே போதும். ஆனால் வியர்வை சொட்டிய சீமெந்துத் தரையில் உள்ளங்கை வழுக்கும். ஒருமுறை அப்படி வழுக்கி என் தாடை தரையில் அடிபட்டது. அன்றிலிருந்து பக்கத்தில் துவாய் இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடந்து, தோள்களையும் மணிக்கட்டுகளையும் சுழற்றி உடலைச் சூடாக்கிய பிறகு, தண்டாலுக்குத் தயாராவது போல் கைகளை ஊன்றுங்கள். கரைச் சரிவில் கைகள் மேட்டுப் பக்கமும் கால்கள் கடல் பக்கமும் இருக்கட்டும். கைகள் உயர்ந்திருந்தால் அவற்றின் மீது விழும் பாரம் குறையும். வீட்டிலானால் விறாந்தைப் படியில் கையை ஊன்றலாம். தோள்கள் மணிக்கட்டுகளுக்கு நேர் மேலேயும், தலை முதல் குதிக்கால் வரை உடல் ஒரே கோட்டிலும் இருக்க வேண்டும். இந்த நிலையில் 20 செக்கன் அசையாமல் நிற்க முடியாதவர், அது கைகூடும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

இப்போது வயிற்றை இறுக்கி, வலது முழங்காலை நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்து, திரும்ப வைத்த பின்னரே இடது காலை எடுங்கள். மூச்சை அடக்காதீர்கள். பத்துத் தடவை செய்துவிட்டு எழுந்து மணலைப் பாருங்கள். கால் விரல்கள் உழுதது போல் நீண்ட கோடு கிடந்தால், காலைத் தூக்காமல் இழுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் இடுப்பு தொய்ந்திருக்கும். கைத்தடம் பின்னோக்கி நீண்டிருந்தால், கை ஓரிடத்தில் நிற்காமல் சறுக்கியிருக்கிறது. ஐந்து விரலும் பிரிந்து தெரிய, தடம் தெளிவாகப் பதிந்திருந்தால் சரி. கண்ணாடி முன் செய்தபோதுகூடத் தெரியாத என் பிழைகளை இந்த மணல்தான் எனக்குக் காட்டியது. இடுப்பு மேலே எழும்புவதை மட்டும் மணல் காட்டாது. அதற்கு அருகில் ஒருவர் நின்று சொல்ல வேண்டும்.

தடம் தெளிந்த பிறகு நேரத்துக்கு வரலாம். முதல் இரண்டு வாரம் 20 செக்கன் பயிற்சி, 40 செக்கன் ஓய்வு, இப்படி ஆறு சுற்று. அடுத்து ஓய்வை 20 செக்கனாகக் குறையுங்கள். 20 செக்கன் பயிற்சி, 10 செக்கன் ஓய்வு, எட்டுச் சுற்று என்று பலரும் சொல்லும் நான்கு நிமிட முறை, ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவும் அவரது குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வினால் புகழ்பெற்றது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் உடற்பயிற்சிக்குப் பழகிய இளைஞர்கள். அவர்கள் மிதித்ததோ ஆய்வுகூடச் சைக்கிள். ஆகவே புதியவர் அதை முதல் வாரத்திலேயே பின்பற்ற முனைவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒவ்வொரு சுற்றிலும் வலது முழங்கால் முன்வரும் தடவைகளை மட்டும் எண்ணுங்கள். முதல் சுற்றில் பதினைந்து வந்து கடைசிச் சுற்றில் எட்டாகச் சரிந்தால், தொடக்க வேகம் உங்களுக்கு அதிகம். ஒரு சுற்று முடிந்ததும் ஓரிரு சொல்லுக்கு மேல் பேசமுடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் தீவிரம் போதுமானது. தலைசுற்றலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள்.

முடித்ததும் சட்டென்று உட்காராமல், மூச்சு சீராகும்வரை கரையோரமாக நடந்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது விட்டுச் செய்யுங்கள்.