ஆர்எஸ்எஸ் ஓடையில் எது போக வேண்டும்?

தளத்தில் வரும் புதிய பதிவுகள், சந்தா வைத்திருப்பவரின் ரீடர் செயலியில் தானாக வந்து சேர உதவுவதுதான் ஆர்எஸ்எஸ் ஓடை. வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் போய் ரீடிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓடையில் முழுப் பதிவும் போகவேண்டுமா, சுருக்கம் மட்டுமா என்பதை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். சுருக்கம் என்றால், பதிவு எழுதும்போதே எக்ஸர்ப்ட் பெட்டியில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் 55 சொற்களை அதுவே வெட்டி அனுப்பும். பெரும்பாலும் வாக்கியம் பாதியில் தொங்கும். என்னைக் கேட்டால் முழுப் பதிவே மேல். ரீடரில் படிப்பவரைத் தளத்துக்கு இழுத்துவர நினைத்தால் அவர் சந்தாவையே நீக்கிவிடுவார்.

எத்தனை பதிவுகள் என்பதும் அதே பக்கத்தில்தான். வழக்கமாக 10 இருக்கும்.

சமையல் பதிவுகள் மட்டும் போதும் என்கிற வாசகருக்குத் தனி ஓடையும் உண்டு. அந்த வகைப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் (feed) என்று ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுங்கள். பிளக்இன் என்கிற கூடுதல் நிரல் எதுவும் தேவையில்லை.