அடுத்தவர் டேக்கோடும் ஒத்துப்போகும் எக்ஸ்எம்எல் வடிவத்தை அமைப்பது எப்படி

டேக்குகளால் தகவலைக் குறிக்கும் எக்ஸ்எம்எல்லில் வடிவம் ஒன்றை உருவாக்கும்போது கோப்பு, ஸ்கீமா (எந்த டேக் எங்கே வரலாம் என்ற விதித்தொகுப்பு), புரோகிராம் எல்லாமே நம் கையில்தான் இருக்கும். கொஞ்ச நாள் போனதும் ஒருவர் வந்து உங்கள் ஆவணத்துக்குள் ஒரு கணிதச் சமன்பாட்டை வைக்க வேண்டும் என்பார், இன்னொருவர் உங்கள் ஆவணத்தையே தூக்கித் தன் பெரிய ஆவணத்துக்குள் வைக்கப் பார்ப்பார், இரண்டுமே நடக்காது. அதனால் முதல் டேக்குக்குப் பெயர் வைக்கும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவர் டேக் நமக்குள் வர முடியுமா, நம் டேக் அடுத்தவருக்குள் போக முடியுமா?

நேம்ஸ்பேஸில் தொடங்குங்கள், அதாவது ஒரு டேக் யாருடையது என்று காட்டும் முகவரியில். எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998-ல், அடுத்த ஆண்டே நேம்ஸ்பேஸ் பரிந்துரையை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்டுவிட்டது. இருந்தும் இன்றுவரை பலர் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். நேம்ஸ்பேஸ் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும், கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலே அது வேறு நேம்ஸ்பேஸ். பிரிஃபிக்ஸ், அதாவது பெயருக்கு முன்னால் முகவரிக்குப் பதிலாக வரும் குறும்பெயர், ஆவணம் எழுதுபவரின் வசதிக்காக இருப்பது, ஆகவே புரோகிராமில் பிரிஃபிக்ஸை வைத்து எதையும் தேடாதீர்கள். பிரிஃபிக்ஸ் இல்லாமல் அறிவிக்கும் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் எலிமெண்டுகளுக்கு (தொடக்க டேக்கிலிருந்து முடிவு டேக் வரையுள்ள பகுதி) மட்டும்தான், பிரிஃபிக்ஸ் இல்லாத அட்ரிபியூட் (தொடக்க டேக்குக்குள் எழுதும் பெயர்-மதிப்பு ஜோடி) எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. உங்கள் அட்ரிபியூட்டை அடுத்தவர் எலிமெண்டில் ஒட்ட வேண்டுமானால் பிரிஃபிக்ஸ் கட்டாயம். எக்ஸ்எஸ்டி என்ற ஸ்கீமா மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் 'எலிமெண்ட் ஃபார்ம் டிஃபால்ட்' என்பதை 'குவாலிஃபைட்' என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் எலிமெண்டுகள் நேம்ஸ்பேஸ் இல்லாமல் அனாதையாக நிற்கும்.

நேம்ஸ்பேஸ் முகவரியில் பதிப்பு எண்ணைப் போட்டு நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் விருப்பத்துக்குரிய எலிமெண்ட் ஒன்றே ஒன்றைத்தான் சேர்த்தேன், முகவரியில் 1 என்பது 2 ஆனது, அவ்வளவுதான், ஆவணத்தில் தேடும் எங்களுடைய எல்லா எக்ஸ்பாத்தும் அதை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டியும் ஒரு பிழைச்செய்தி கூடக் காட்டாமல் வெறும் விடையைத் தர ஆரம்பித்தன. பழையதோடு ஒத்துப்போகிற மாற்றத்துக்கு முகவரியைத் தொடாதீர்கள். அர்த்தமே மாறினால் மட்டும் புது முகவரி.

அடுத்தது, உங்களுக்கே உரியதை மட்டும் உருவாக்குங்கள். மொழியைக் குறிக்க எக்ஸ்எம்எல்:லாங் இருக்கிறது, அடையாளத்துக்கு எக்ஸ்எம்எல்:ஐடி, சார்பு இணைப்புகளுக்கு எக்ஸ்எம்எல்:பேஸ். தலைப்பு, படைப்பாளர், தேதி, உரிமை போன்றவற்றுக்கு டப்ளின் கோர் என்ற பொதுத் தரத்தின் 15 கூறுகள் தயாராக இருக்கின்றன. சமன்பாட்டுக்கு மேத்எம்எல், படத்துக்கு எஸ்விஜி. இவற்றை நீங்கள் மறுபடி எழுதினால், அவற்றுக்காக ஏற்கெனவே இருக்கும் கருவிகள் எதுவும் உங்கள் ஆவணத்தில் வேலை செய்யாது.

அட்ரிபியூட்டா எலிமெண்டா என்ற பழைய சண்டைக்கும் இங்கே தெளிவான பதில் உண்டு. எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் எழுத்துகள் செல்லும், அதனால் உதாரணத்தைத் தமிழிலேயே பாருங்கள்:

<நூல் தலைப்பு="வட்டமும் கோளமும்"/>

<நூல்><தலைப்பு>வட்டமும் <க:சூத்திரம்>…</க:சூத்திரம்> கோளமும்</தலைப்பு></நூல்>

முதல் வடிவில் தலைப்புக்குள் வெறும் எழுத்துச்சரம்தான் இருக்க முடியும், யாராலும் எதையும் சேர்க்க முடியாது. மனிதர்கள் படிக்கிற எந்த உரையையும் எலிமெண்டில் வையுங்கள். எண், குறியீடு, ஆம்-இல்லை போன்றவற்றுக்கு அட்ரிபியூட் போதும்.

சரி, அடுத்தவர் டேக் உள்ளே வர எங்கே இடம் விடுவது? ஜிபிஎஸ் தடங்களைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் 1.1-ல் நீட்டிப்புகளுக்கென்றே ஒரு எலிமெண்ட் உண்டு, எல்லாம் அதற்குள் போகும். வலைப்பதிவு போன்றவற்றின் ஊட்டங்களுக்கான ஆட்டம் வடிவத்தில் பல இடங்களில் நேரடியாகவே வைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் சேர்த்த தகவல் தான் விளக்கும் பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் எக்ஸ்எஸ்டி 1.0-ல் எழுதும்போது கவனம் தேவை, விருப்ப எலிமெண்டுக்குப் பக்கத்தில் எதையும் ஏற்கிற வைல்ட்கார்டை வைத்தால் ஒரு டேக் எதோடு பொருந்துகிறது என்று முடிவு செய்ய முடியாமல் ஸ்கீமாவே தவறாகிவிடும். வைல்ட்கார்டை மற்ற நேம்ஸ்பேஸ்களுக்கு மட்டும் என்று சுருக்குங்கள், சரிபார்ப்பை 'லாக்ஸ்' என்று வையுங்கள். அப்போது ஸ்கீமா கிடைத்தால் சரிபார்க்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடும். ரிலாக்ஸ் என்ஜி என்ற இன்னொரு ஸ்கீமா மொழியில் இந்தத் தொல்லையே இல்லை, தேர்வு உங்கள் கையில் இருந்தால் அதையே எடுங்கள்.

இடம் விட்டால் மட்டும் போதாது. தெரியாத டேக் வந்தால் படிக்கிற புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்று முதல் பதிப்பிலேயே எழுதியாக வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு எழுதினால் பயனில்லை, அதற்குள் ஊருக்குள் போய்ச் சேர்ந்த புரோகிராம்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டிருக்கும். 2005-ல் வந்த ஆட்டம் வடிவத்தின் தர ஆவணமான ஆர்எஃப்சி 4287-ஐப் பாருங்கள். வெளி டேக்கைக் கண்டு புரோகிராம் நின்றுவிடவோ பிழை என்று சொல்லவோ கூடாது என்கிறது. அப்புறம் ஒரு நுணுக்கமான வேறுபாடு: பதிவுக்கு நேர் கீழே தெரியாத டேக் இருந்தால் அதன் உள்ளே இருக்கும் உரையோடு சேர்த்து ஒதுக்கலாம், உரைப்பகுதிக்கு நடுவே இருந்தால் டேக்கை மட்டும் ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் சொற்களை வைத்துக்கொள். இந்த இரண்டையும் பிரிக்காவிட்டால் வாக்கியத்தின் நடுவில் சொற்கள் காணாமல் போகும். ஒதுக்கவே கூடாத டேக்குகளும் வரலாம், அதற்கு புரோகிராம்கள் செய்தி பரிமாறும் சோப் வடிவத்தில் 'மஸ்ட் அண்டர்ஸ்டேண்ட்' இருப்பதுபோல ஒரு அடையாளம் வையுங்கள்.

இனி மறுபக்கம், உங்கள் ஆவணம் இன்னொன்றுக்குள் போவது. உங்கள் எலிமெண்ட் எப்போதும் மேல்மட்டத்தில்தான் இருக்கும் என்று நினைத்து எக்ஸ்பாத் எழுதாதீர்கள். டிடிடி என்ற பழைய வகை விதித்தொகுப்பில் எண்டிட்டி (உரைக்கு வைக்கும் சுருக்கப்பெயர்) அறிவிக்காதீர்கள், டிடிடியைச் சுட்டும் டாக்டைப் வரி ஆவணத்தின் நடுவில் வர முடியாது என்பதால் அந்த அறிவிப்பு கூடவே பயணிக்காது. எலிமெண்ட் உரைக்குள்ளோ அட்ரிபியூட் மதிப்பிலோ பிரிஃபிக்ஸ் உள்ள பெயரை எழுதாதீர்கள், ஆவணத்தை வெட்டி ஒட்டும்போது பிரிஃபிக்ஸ் அறிவிப்பு பின்னால் தங்கிவிட்டால் அந்த மதிப்புக்கு அர்த்தம் போய்விடும். இரு ஆவணங்களிலும் ஒரே ஐடி இருந்து மோதும் என்பதையும் எதிர்பார்த்தே இருங்கள்.

வெளியிடும் முன் ஒரு மாதிரி ஆவணத்தை எடுத்து மூன்று விதமாகக் குலைத்துப் பாருங்கள். எல்லா பிரிஃபிக்ஸையும் மாற்றுங்கள், நீட்டிப்புக்கு இடம் விட்ட ஒவ்வோர் இடத்திலும் கேள்விப்படாத நேம்ஸ்பேஸிலிருந்து ஒரு டேக்கைச் செருகுங்கள், பிறகு முழுவதையும் ஒரு ஆட்டம் பதிவின் உள்ளடக்கத்துக்குள் வையுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் புரோகிராம் தருகிற விடையைக் குலைக்காத ஆவணத்தின் விடையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் புரோகிராமை ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல் வடிவத்துக்கே திரும்பிப் போய்த் திருத்துங்கள், அதை இன்னும் வேறு யாரும் பயன்படுத்தத் தொடங்கவில்லை.