போலோவுக்குள் புகுந்த மழைத்தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் இடது முன் இருக்கைப் பக்கம் கார்பெட் ஈரமானது. இந்தியாவில் 2010 முதல் 2022 வரை விற்ற கார். இனிப் புதிதாக வாங்க முடியாது என்பதால் எனக்கு அதன்மீது அக்கறை அதிகம்.

முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். ஏசி தண்ணீர் என்றால் மழையில்லாத நாளிலும் சொட்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் என்றால் பிசுபிசுக்கும், இனிப்பு வாடை வரும். எங்களுடையது மழைக்குப் பிறகு மட்டும் வந்த தெளிந்த நீர்.

பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடியின் அடியில் மெல்ல ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். வடியாமல் தேங்கி நின்றது. வைப்பர் கைகளையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினால், வேப்பிலையும் பூவும் மக்கிக் கருஞ்சேறாக வடிகால் துளையை அடைத்திருந்தன. நிரம்பிய நீர், வெளிக்காற்று நுழையும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கையால் அள்ளிவிட்டு, மெல்லிய ரப்பர் குழாயை விட்டுத் துழாவினேன். கம்பி வேண்டவே வேண்டாம். அங்குள்ள ரப்பரைக் கிழித்துவிடும். மறுபடி ஊற்றிய தண்ணீர் தரையில் சலசலவென்று கொட்டியபோது அத்தனை நிம்மதி!

கார்பெட்டுக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்ச்தான் நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதைத் தூக்கிவைத்து, கதவைத் திறந்துபோட்டு வெயிலில் காயவைத்தேன். நாற்றமெடுத்த ஏசி ஃபில்டரையும் மாற்றினேன்.

மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போது வாரந்தோறும் அந்த இடத்தைத் துடைக்கிறேன். காரை வேப்பமரத்தடியில் நிறுத்துவதை மட்டும் விடமாட்டேன். மதுரை வெயிலுக்கு வேறு நிழல் ஏது?