'பிளாக் பேந்தர்' படத்தின் அரசியலைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 பிப்ரவரியில் வெளியாகி உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்த 'பிளாக் பேந்தர்' என்னும் சூப்பர்ஹீரோ படத்தைப் பற்றி எழுதுவோர் பலரும், வகாண்டா என்னும் கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன் டிசாலா சரியா, அவனை எதிர்த்து வரும் எரிக் கில்மாங்கர் சரியா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். பட்டிமன்றத் தலைப்பாக அது பொருந்தலாம்; படத்தின் அரசியலை அறிய அது போதாது.

கறுப்பின மக்கள் கொள்ளையடிக்கப்பட்டார்கள் என்ற கில்மாங்கரின் குற்றச்சாட்டையும், ஆயுதம் அனுப்பி வகாண்டாவின் பேரரசை நிறுவுவது என்று அவன் முன்வைக்கும் தீர்வையும் ஒன்றாகக் கருதுவதே இதில் பெரிய தவறு. லண்டன் அருங்காட்சியகக் காட்சியில், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஆப்பிரிக்கப் பொருள்கள் எங்கிருந்து வந்தவை என்று காப்பாளரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வரும் அவன், உங்கள் முன்னோர் இவற்றை நியாயமான விலை கொடுத்தா வாங்கினார்கள் என்று கடைசியில் கேட்கிறான். காவலர்களோ அவன் நுழைந்தது முதல் அவனையே கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். 1897இல் பிரித்தானியப் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைச் சூறையாடி எடுத்துச் சென்ற பொருள்களில் நூற்றுக்கணக்கானவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பதால், அந்தக் கேள்வியைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் இதே மனிதன் அரியணை ஏறியதும், அரசனுக்கு ஆற்றல் தரும் மூலிகைத் தோட்டத்தைப் பேணும் முதிய பெண்ணின் கழுத்தை நெரிக்கிறான். தோட்டத்தைக் கொளுத்தச் சொல்கிறான். வகாண்டாவின் பேரரசில் சூரியன் மறையாது என்கிறான். பிரித்தானியப் பேரரசைப் பற்றிய அந்தப் பெருமைப் பேச்சை நாம் பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். கொள்ளைபோனதைக் கேட்க வந்தவன், கொள்ளையிட்டவர்களின் சொல்லையே எடுத்துக்கொள்கிறான். அதே சமயம், அவன் தன் காதலியையே சுட்டுக்கொல்வதாகக் காட்டியதன் மூலம், அவனுடைய குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைப் படம் தட்டிக்கழித்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

டிசாலா, கில்மாங்கர் இருவருக்கும் நடுவே வகாண்டாவின் உளவாளியான நாக்கியாவை மறந்துவிடுவது அடுத்த தவறு. நைஜீரியாவின் சம்பிசா காட்டில், கடத்தப்பட்ட பெண்களோடு பெண்ணாகக் கலந்திருப்பவளாக அவள் அறிமுகமாகிறாள். 2014இல் சிபோக் பள்ளி மாணவிகளைக் கடத்திய போகோ ஹராம் தீவிரவாத அமைப்பின் புகலிடமாக இருந்த காடு அது. உலகம் துன்பப்படும்போது வகாண்டா கதவடைத்திருக்கக் கூடாது, அகதிகளுக்கு அடைக்கலமும் உதவியும் தர வேண்டும் என்று, கில்மாங்கர் நாட்டுக்குள் காலடி வைக்கும் முன்பே அரசனிடம் சொன்னவள் அவள்தான். இறுதியில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் வகாண்டா அமைக்கும் உதவி மையத்தின் சமூகப் பணியும் அவளிடமே ஒப்படைக்கப்படுகிறது.

படத்தைப் பாராட்டும் ஆர்வத்தில் ராஸ் என்னும், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரியைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியல்ல. கில்மாங்கர் அனுப்பும் ஆயுதங்களை ஏற்றிச் செல்லும் விமானங்களை வீழ்த்தும் நாயகச் செயல் அவருக்கே தரப்படுகிறது. காங்கோவின் முதல் பிரதமர் பாத்ரிஸ் லுமும்பாவைக் கொல்ல 1960இல் சிஐஏ திட்டமிட்டதை 1975இல் அமெரிக்க செனட் குழுவே பதிவுசெய்திருக்க, ஆப்பிரிக்க விடுதலையைப் பேசும் படத்தில் அந்த அதிகாரி இவ்வளவு எளிதாக நல்லவராகிவிடுவது உறுத்துகிறது.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. பிளாக் பேந்தர் என்னும் நாயகன் டிசாலாவின் கதாபாத்திரம் காமிக்ஸில் தோன்றியது 1966 ஜூலை இதழில். அமெரிக்கக் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி ஓக்லாந்தில் தொடங்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில். எனவே கட்சியின் பெயரிலிருந்து நாயகன் வந்தான் என்று எழுதக் கூடாது. ஆனால் ஓக்லாந்தில் பிறந்த இயக்குநர் ரயன் கூக்லர் 1992ஆம் ஆண்டு ஓக்லாந்தில் கதையைத் தொடங்கியதைத் தற்செயல் என்றும் தள்ளிவிட முடியாது.

பிரதிநிதித்துவத்தைத் திரையில் தெரியும் முகங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர்கள், ஆடை வடிவமைப்புக்காக ரூத் கார்ட்டரும் தயாரிப்பு வடிவமைப்புக்காக ஹன்னா பீச்லரும் 2019இல் ஆஸ்கர் பெற்றதைக் கவனிப்பதில்லை. அந்தந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண்கள் அவர்கள். அந்த ஆடைகளைப் பொத்தாம்பொதுவாக 'ஆப்பிரிக்க உடை' என்று எழுதுவது அவர்களின் உழைப்பையே அழித்துவிடுகிறது. எல்லைக் காவலர்கள் தோளில் போர்த்தியிருப்பது லெசோத்தோவின் பசோத்தோ மக்களின் கம்பளி. சிலர் தலைமுடியில் தெரியும் செம்மண் பூச்சு நமீபியாவின் ஹிம்பா பெண்களுடையது. படத்தில் வகாண்டா மக்கள் பேசும் ஷோசா, தென்னாப்பிரிக்காவின் ஷோசா இன மக்களின் தாய்மொழி.